எல்லாருக்கும் பிடித்த நோயாளிகள்

காலை ஒன்பது இருபதுக்கு மருத்துவமனை வாசலில் காரை நிறுத்தியதும் சாம்பிள் அண்ணாந்து மேலே பார்த்தான். பதினொரு மணிக்கு இதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவனுடைய அக்காவின் கையில் ஊசி குத்திச் சிவப்பு மருந்தை ஏற்றப் போகிறார்கள். அதே மருந்து, அதே மாடி. போன மாதம் அங்கே அதை ஏற்றிக்கொண்ட இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். பஸ் டிரைவர் ஒருவர் எழுந்திருக்கவே இல்லை. தையல்காரம்மா ஒருவர் இன்னும் தீவிர சிகிச்சையில் கண் திறக்காமல் கிடக்கிறார்.

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வாய் உலர்ந்துபோகும். சாம்பிளுக்கு வாய் திறந்துகொள்ளும். மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியாக எட்டு வருஷம் பை நிறைய சாம்பிள் மாத்திரையோடு டாக்டர்கள் வாசலில் தவம் கிடந்தவன் அவன். வேலை போனபோது பையைப் பிடுங்கிக்கொண்டார்கள், சாம்பிள் என்ற பெயரை விட்டுவிட்டார்கள். இரண்டு வருஷமாக இன்ஸ்பெக்டரம்மாவிடம் உதவியாளாக இருக்கிறான்.

"மேடம், நம்ம கார் ஹாரனைவிட என் நெஞ்சு சத்தமா அடிக்குது."

"ஹாரன் செத்து ஆறு மாசம் ஆச்சு. இறங்கு."

இன்ஸ்பெக்டரம்மா இப்போது இன்ஸ்பெக்டர் அல்ல. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் இருபது வருஷம் ஆய்வாளராக இருந்து, போடக்கூடாத ஒரு கையெழுத்தைப் போடச் சொன்னதும் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டவர். அதன் பிறகு தனியார் துப்பறிவாளர். வயது ஐம்பத்து நான்கு. பெட்டி, பூதக்கண்ணாடி எதுவும் கிடையாது. கைப்பையில் ஒரு டார்ச்சும் ஒரு பென்சிலும் ஒரு பொட்டலம் உப்பு பிஸ்கட்டும் இருக்கும், அவ்வளவுதான்.

செத்துப்போன டிரைவரின் மகள் வாசலில் உட்கார்ந்து நியாயம் கேட்டதால், சத்தமில்லாமல் விசாரித்துச் சொல்லுங்கள் என்று மருத்துவமனைத் தலைமை டாக்டர் இன்ஸ்பெக்டரம்மாவைக் கூப்பிட்டிருந்தார். எந்த அறைக்குள்ளும் போகலாம் என்று கடிதமும் கொடுத்திருந்தார்.

மருந்து புதிது என்று எல்லாரும் சொல்கிறார்களே தவிர, உள்ளே இருப்பது புற்றுநோய்க்குப் பல வருஷமாகக் கொடுக்கும் பழைய சிவப்பு மருந்துதான். அது கட்டியைக் கொல்லும், கூடவே இதயத்தையும் பதம் பார்த்துவிடும். அதனால் இப்போது அதைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைகளுக்குள் அடைத்து அனுப்புகிறார்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே அந்த உருண்டைகளை நூற்றுக்கணக்கில் வரிசையாக நிறுத்தலாம். நானோ துகள் என்று அதற்குப் பெயர். உருண்டை ரத்தத்தில் மிதந்து போய்க் கட்டிக்குள் நுழைந்த பிறகுதான் மெல்ல மெல்ல மருந்தை வெளியே விடும். இதயம் தப்பித்துக்கொள்வதால் மருந்தின் அளவையும் துணிந்து கூட்டலாம். அந்தக் கூட்டிய அளவு உறையில்லாமல் ஒரே வீச்சில் ரத்தத்தில் கலந்தால் என்ன ஆகும் என்று சாம்பிள் நேற்று ஒரு டாக்டரைக் கேட்டான். டாக்டர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து நேராக வைத்தார்.

அக்காவைப் போக வேண்டாம் என்று தடுக்கலாம். தடுத்தும் பார்த்தான். இது இன்னும் பரிசோதனைத் திட்டத்தில் இருக்கும் மருந்து. நோயாளி ஒரு தவணைக்கு வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். முதல் இரண்டு தவணையிலேயே அக்காவின் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. மற்ற மருந்தெல்லாம் கை விரித்த பிறகு கிடைத்த மருந்து இது.

"டேய், போகலைன்னா நிச்சயம். போனா சந்தேகம்தான். நான் சந்தேகத்துக்கே போறேன்," என்று நேற்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டு, பரீட்சைக்கு எழுப்பி, வேலை போனபோது ஒரு வார்த்தை கேட்காமல் அறையைக் காலி செய்து கொடுத்தவள் அவள். அவளிடம் அவனுக்கு எதிர்வாதம் வந்ததே இல்லை.

ஆக இருப்பது ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள் மர்மத்தை உடைத்தால் அக்காவுக்கு மருந்தும் உண்டு, உயிரும் உண்டு.

இன்ஸ்பெக்டரம்மாவின் பையில் அன்று காலைதான் வந்த ஆய்வுக்கூட அறிக்கை இருந்தது. டிரைவருக்கும் தையல்காரம்மாவுக்கும் ஏற்றியதில் மீதியிருந்த சொட்டுகளைச் சோதித்திருந்தார்கள். விஷம் இல்லை. கிருமி இல்லை. சரியான மருந்து, சரியான அளவு, மில்லிகிராம்கூடப் பிசகவில்லை.

அதனால்தான் அவருக்குச் சந்தேகம் பலமாகியிருந்தது. யாரோ உறை போட்ட மருந்தை எடுத்துக்கொண்டு, அதே அளவு சாதா மருந்தைப் புட்டியில் ஊற்றி வைத்திருந்தால் அறிக்கை இப்படித்தானே வரும் என்றார். அப்படிச் செய்யக்கூடியவர், சாவி வைத்திருப்பவர், கீழ்த்தளத்து மருந்துக் கிடங்கின் பொறுப்பாளர். தடித்த கண்ணாடி போட்டவர் என்பதால் மருத்துவமனை முழுக்க அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றே பெயர்.

கிடங்கு கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத நீள அறையில் இருந்தது. அட்டைப்பெட்டிகளின் நடுவே ஒரு மேஜை. இவர்கள் உள்ளே நுழைந்த கணத்தில் கண்ணாடிக்காரர் இழுப்பறையைச் சட்டென்று மூடிப் பூட்டினார். குற்றம் உள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை என்று சாம்பிள் நினைத்தான். இவன்தான், இவனேதான் என்று மனசு கூவியது. இவனாகவே இருந்து தொலையட்டும், அக்கா பிழைத்துக்கொள்வாள் என்றும் ஒரு நப்பாசை.

"பூட்டு நல்ல பூட்டு சார். சாவி வெச்சிருக்கற கைதான் சரியில்லை, இப்படி நடுங்குது."

கண்ணாடிக்காரர் மறுத்தார், உட்கார்ந்தார், எழுந்தார். இன்ஸ்பெக்டரம்மா கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு ஒரு பிஸ்கட்டைக் கடித்தபடி நின்றார். அந்தச் சத்தம் தாங்காமலோ என்னவோ, மனிதர் இழுப்பறையைத் திறந்துவிட்டார்.

உள்ளே சாதா மருந்தும் இல்லை, காலிப் புட்டியும் இல்லை. விரல் நீள அட்டைகள் ஒரு கட்டு, ரப்பர் பேண்டு போட்டுத் தேதிவாரியாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குமிழ். எல்லாக் குமிழும் நிறமில்லாமல் தெளிவாக இருந்தன.

அது என்ன என்று கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம் எளிதாக இருந்தது. இந்த மருந்துக்கு வெயிலும் ஆகாது, பனிக்கட்டியும் ஆகாது. குளிரில் இருக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது. உறைந்தால் உருண்டைகள் உடைந்துவிடும். வழியில் எங்காவது உறைந்ததா என்று காட்டத்தான் ஒவ்வொரு பெட்டியிலும் இந்த அட்டை வருகிறது. உறைந்திருந்தால் குமிழ் ஊதா நிறமாகும். பெட்டி வந்ததும் பார்த்துவிட்டு அட்டையைத் தூக்கிப் போட வேண்டும் என்பது விதி.

"ஏன் போடலை?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"ரெண்டு பேர் விழுந்ததும் குப்பையிலேருந்து பொறுக்கி வெச்சேன் மேடம். நாளைக்கு எல்லாரும் என்னைத்தான் கை காட்டுவாங்க. என் கைக்கு வந்த வரைக்கும் மருந்து நல்லா இருந்துச்சுன்னு சொல்ல எனக்கு இதைவிட்டா நாதி இல்லை."

இன்ஸ்பெக்டரம்மா பாதி பிஸ்கட்டை அப்படியே பொட்டலத்தில் திருப்பி வைத்தார். அவர் அப்படிச் செய்தால் ஏதோ ஒன்று பிடிபட்டுவிட்டது என்று சாம்பிளுக்குத் தெரியும்.

"ஆய்வுக்கூடத்துல மருந்தை எப்படி அளப்பாங்க?"

"முதல்ல உருண்டையெல்லாம் கரைச்சிடுவாங்க. அப்புறம் மருந்து எவ்வளவுன்னு பார்ப்பாங்க."

"நல்லா இருக்கு. வீட்டை இடிச்சுட்டு செங்கல்லை எண்ணியிருக்காங்க. செங்கல் சரியா இருக்குன்னு எழுதியும் கொடுத்துட்டாங்க. வீடு அதுக்கு முன்னாலேயே இடிஞ்சு கிடந்துச்சான்னு யாரும் பார்க்கலை."

யாரும் எதையும் மாற்றி ஊற்றவில்லை. மருந்து இந்த அறையை விட்டுக் கிளம்பிய பிறகு, நோயாளியின் கைக்குப் போவதற்குள் எங்கேயோ உறைந்திருக்கிறது. உறைந்து, உருகி, பார்வைக்கு முன்போலவே சிவப்பாக நின்றிருக்கிறது. குற்றவாளி கையில் கிடைத்துவிட்டான் என்று நிமிர்ந்த சாம்பிளுக்கு மறுபடி கால் நழுவியது. ஆளாக இருந்தால் பிடித்துக் கட்டிப் போடலாம். குளிரை எங்கே போய்ப் பிடிப்பது?

மணி ஒன்பது ஐம்பத்தைந்து. அக்காவின் போனுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கூட வருகிறேன் என்றால் அவளுக்குப் பிடிக்காது. "நீ வந்தா உன்னைப் பார்த்துக்கறதே எனக்கு ஒரு வேலை" என்பாள்.

"நிறுத்தச் சொல்லிடலாமா மேடம்?"

"காரணம் கையில இல்லாம நிறுத்தினா அவங்க வரலைன்னுதான் எழுதுவாங்க, பேர் போயிடும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. நீ என்ன சொல்ற?"

அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்க வேண்டாம். சாம்பிள் படிக்கட்டைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். போகலாம் என்று தலையை ஆட்டினான். வாழ்க்கையில் அவ்வளவு கனமாகத் தலை ஆட்டியதே இல்லை.

மூன்றாவது மாடியில் மருந்தேற்றும் கூடம் வெளிச்சமாக இருந்தது. சாய்ந்து உட்காரும் ஆறு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் மருந்துப் பை தொங்கவிட ஒரு கம்பி. கூடத்தின் கோடியில் மருந்து அறை, எதிர்ப்பக்கம் ஒரு நீள நடை. அக்கா உட்காரும் மூன்றாம் நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆறாம் நாற்காலியில் ஒரு பெரியவர் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர். இந்த மாடியில் அவர் திட்டாத ஆள் இல்லை, அதனால் முசுடு என்று பெயர். போன மாதம் இவரும் இதே மருந்தை ஏற்றிக்கொண்டவர்தான். அதுவும் டிரைவர், தையல்காரம்மா, அக்கா ஆகியோருக்கு ஒதுக்கிய அதே பெட்டியிலிருந்து. அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

தலைமை நர்ஸை எல்லாரும் சிஸ்டர் என்றார்கள். இருபத்தாறு வருஷ அனுபவம், அகலமான முகம், ஓயாத கால். செத்துப்போன டிரைவரைப் பற்றிக் கேட்டதுமே அவருக்குக் கண் கலங்கியது. அவர் வந்தால் இந்த மாடியே சிரித்துக்கொண்டிருக்கும், தையல்காரம்மா நர்ஸ்கள் எல்லாருக்கும் நாற்காலி உறை தைத்துக் கொடுத்தவர், யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவர் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அன்றாடக் குறிப்பேட்டை அவரே எடுத்து நீட்டினார். மருந்து வந்த நேரம், வைத்த நேரம், காலையும் மாலையும் ஃப்ரிட்ஜில் எத்தனை டிகிரி, எல்லாம் முத்து முத்தான எழுத்தில் இருந்தன. ஐந்து டிகிரி, ஐந்து டிகிரி, ஐந்து டிகிரி. ஒருநாள்கூட மாறவில்லை.

"இவ்வளவு சுத்தமான நோட்டை எங்க கம்பெனியிலகூட நான் பொய்யா எழுதினதில்லை," என்று முணுமுணுத்தான் சாம்பிள்.

இன்ஸ்பெக்டரம்மா கையெழுத்தைப் பார்த்துத் தலையசைத்தார். இது பொய் இல்லை, இந்த அம்மா உண்மையைத்தான் எழுதியிருக்கிறார் என்றார். சொல்லிவிட்டு வரவேற்பு மேஜைக்குப் போய்ப் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார்.

இந்த நேரத்தில் புகார்ப் புத்தகமா என்று சாம்பிளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மணி பத்து இருபத்தைந்து. புத்தகத்தில் மொத்தம் பதினொரு புகார், பதினொன்றும் முசுடின் கையெழுத்து. விளக்கு கண்ணைக் கூசுகிறது, நாற்காலி முதுகைக் குத்துகிறது, நர்ஸ்கள் சத்தமாகச் சிரிக்கிறார்கள்.

"மேடம், ரெண்டு நல்லவங்க விழுந்துட்டாங்க. இவருக்கு மட்டும் ஒண்ணும் ஆகலை. எமனே இவர்கிட்ட பேச்சு வாங்க பயந்து திரும்பிப் போயிருப்பான்."

அவர் சிரிக்கவில்லை. ஒன்பதாவது புகாரின்மேல் பென்சிலை வைத்து, அவன் பக்கம் திருப்பினார். 'என் மருந்தை எப்போதும் ஃப்ரிட்ஜில் கதவோரம்தான் வைக்கிறார்கள். வேண்டியவர்களுடையதை உள்ளே பத்திரமாக வைக்கிறார்கள். இது பாரபட்சம்.'

சாம்பிள் அதை இரண்டு தரம் படித்தான். இரண்டாம் தரம் படிக்கும்போது 'உள்ளே' என்ற சொல்லின்மேல் விரலை வைத்தான்.

இன்ஸ்பெக்டரம்மா சிஸ்டரை மருந்து அறைக்கு அழைத்துப் போனார். மூலையில் புது வெள்ளை ஃப்ரிட்ஜ் நின்றது. அது நின்ற இடத்தைச் சுற்றித் தரையில் வெளிறிய சதுரம் ஒன்று தெரிந்தது. அதற்கு முன் அங்கே இதைவிடப் பெரியது ஏதோ பல வருஷம் நின்றிருக்கிறது. கேட்டதும் சிஸ்டர் உற்சாகமாகச் சொன்னார். பழைய ஃப்ரிட்ஜில் கதவு ரப்பர் கிழிந்து முன்பக்கம் குளிரே நிற்காது. மூன்று வருஷம் அதோடு மல்லாடினோம். புதுசு வந்து ஆறு வாரம்தான் ஆகிறது.

டிரைவர் விழுந்து ஐந்து வாரம். அக்காவின் முதல் இரண்டு தவணையும் பழைய ஃப்ரிட்ஜ் காலத்தில் நடந்தவை. சாம்பிள் மனசுக்குள் தேதிகளை எண்ணினான். இன்றையதுதான் புது ஃப்ரிட்ஜிலிருந்து அவளுக்கு வரும் முதல் தவணை.

"பழைய ஃப்ரிட்ஜ்ல மருந்தை எங்க வைப்பீங்க சிஸ்டர்?"

"முன்னாடி வெச்சா சூடாயிடும்னு, நம்ம ஆளுங்களோடதை எல்லாம் கடைசியில, பின்சுவரை ஒட்டி வெச்சிடுவேன். அதுதான் நல்ல இடம். இப்பவும் அப்படித்தான். அந்த ஆறாம் நாற்காலிக்காரர் வந்த உடனே கத்துவாரு, அதனால அவரோடது மட்டும் கைக்கு எட்டற மாதிரி முன்னாடி."

டிகிரி காட்டும் சின்ன மானி கதவோரத் தட்டில் தொங்கியது. ஐந்து என்றது. இன்ஸ்பெக்டரம்மா அதைக் கழற்றி, கையை உள்ளே விட்டு, அதன் உணரும் நுனியைப் பின்சுவரை ஒட்டி வைத்துக் கதவை மூடினார். அதன் ஒயரை மட்டும் வெளியே விட்டு, எண் தெரியும் பகுதியைக் கையில் வைத்துக்கொண்டார்.

மூன்று பேரும் அந்தச் சின்ன எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான்கு. மூன்று. வெளியே முசுடு யாரையோ திட்டும் குரல் கேட்டது. இரண்டு. சிஸ்டர் குனிந்து கிட்டே வந்தார். ஒன்று. பூஜ்யம். பூஜ்யத்தில் கொஞ்ச நேரம் நின்றது. அங்கேயே நில்லு, நின்னுடு என்று சாம்பிள் கெஞ்சினான். எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு முளைத்தது. மைனஸ் ஒன்று. மைனஸ் மூன்று.

"புது ஃப்ரிட்ஜுக்குப் பின்சுவர்லதான் குளிர்த் தகடு," என்றார் இன்ஸ்பெக்டரம்மா மெதுவாக. "உறைஞ்சதை நீங்க பார்த்திருக்க முடியாது சிஸ்டர். எடுத்ததும் உடனே பிரிக்க மாட்டீங்களே?"

பெட்டியோடு மேஜையில் ஒன்றரை மணி நேரம் வைப்போம், குளிர் விட்ட பிறகுதான் பிரிப்போம் என்றார் சிஸ்டர்.

இன்ஸ்பெக்டரம்மா கதவைத் திறந்து டார்ச் அடித்தார். பின்வரிசையில் மூன்று இடங்கள், ஒவ்வொன்றின் கீழும் வெள்ளை நாடாவில் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. முதல் பெயர் டிரைவருடையது, எடுக்க மனசு வரவில்லை போலும். இரண்டாவது தையல்காரம்மா. மூன்றாவது நாடாவில் சாம்பிளின் அக்கா பெயர் இருந்தது. மூன்று இடமும் காலியாக இருந்தன.

"அக்காவோடது எங்க?" என்றான் சாம்பிள்.

சிஸ்டர் நடையின் பக்கம் கை காட்டினார். "அவங்க சீக்கிரமே வந்துட்டாங்க தம்பி. பதினொண்ணு வரைக்கும் ஏன் காத்திருக்கணும், அசதியா இருக்காங்கன்னு நான்தான் முதல்ல போடச் சொன்னேன். நாற்காலி வேண்டாம், படுத்துக்கட்டும்னு நடைக்கோடி அறையில..."

அவர் முடிப்பதற்குள் அவன் ஓடியிருந்தான்.

இருபது அடி எடுத்து வைத்தால் தீர்ந்துபோகும் நடை அது. அன்றைக்கு முடியவே இல்லை. எதிரே கம்பளி எடுத்துவர வந்த இளைய நர்ஸ் சுவரோடு ஒதுங்கினாள். வலது பக்கம் இரண்டு கதவு, இடது பக்கம் மூன்று. முதலில் தப்பான கதவைத் திறந்தான். வாளியும் துடைப்பமும் இருந்தன. அந்த ஒரு கதவுக்காகத் தன்னை அவன் பிறகு எத்தனையோ நாள் சபித்துக்கொண்டான்.

அடுத்த கதவைத் தள்ளினான். அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். காதில் பாட்டுக் கேட்கும் பொத்தான்கள் இருந்தன, தலைமாட்டில் கைப்பைக்குள் போன் இருந்தது. கம்பியில் சிவப்புப் பை தொங்கியது. முதலில் குழாயில் வெறும் சர்க்கரைத் தண்ணீர் நிரப்பி ஓட விட்டு, அதன் பின்னால்தான் மருந்து வரும் என்று அவனுக்குத் தெரியும். தெளிந்த தண்ணீரைத் தள்ளிக்கொண்டு சிவப்பு கீழே இறங்கியிருந்தது. பையிலிருந்து தொங்கி, கட்டில் விளிம்பில் வளைந்து, முழங்கையைத் தாண்டி வந்துவிட்டது. மணிக்கட்டு ஊசிக்கு ஒரு சாண்தான் மீதி.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்கள். அவனுக்குக் கை ஓடியது. அடைக்கும் உருளை எங்கே இருக்கிறது என்று தேடவில்லை. மணிக்கட்டுக்கு மேலே குழாயை மடித்து முஷ்டிக்குள் வைத்து இறுக்கினான். சிவப்பு அவன் விரலுக்கு மேலே வந்து நின்றது. விரலுக்குக் கீழே குழாய் தெளிவாக இருந்தது. தெளிவாகத்தான் இருந்தது. குனிந்து பார்த்தான், மறுபடி பார்த்தான், அப்போதும் நம்பிக்கை வரவில்லை.

அக்கா கண் திறந்தாள். "டேய், என்னடா பண்ற? கையை விடு, வலிக்குது."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்குச் சொல்ல ஒரு நகைச்சுவையும் வரவில்லை. சிஸ்டர் ஓடிவந்து உருளையை அடைத்தார், ஊசியைக் கழற்றினார், குழாயை அக்காவின் கையிலிருந்து அப்புறப்படுத்தினார். அதன் பிறகும் அவன் முஷ்டி மடித்த குழாயை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க அக்காதான் எழுந்து உட்கார வேண்டியிருந்தது.

தலைமை டாக்டரை இன்ஸ்பெக்டரம்மா போனிலேயே மடக்கினார். மருந்து கெட்டுப்போய்த் தவணை தள்ளிப்போனால் அது நோயாளி தவறவிட்டதாகாது என்று திட்டத்தின் விதியிலேயே இருந்தது. நாளைக் காலை கிடங்கிலிருந்து புதுப் புட்டி வரும், வழியில் யாரும் அதை எங்கேயும் வைக்கக் கூடாது, நேராகக் கைக்கு என்று ஏற்பாடாயிற்று. பேசி முடித்துப் போனை வைத்ததும் அவர் சாம்பிளின் பக்கம் வந்து நின்றார். கீழே கிடங்கில் இருக்கும்போதே நிறுத்தியிருக்க வேண்டும், என் தப்பு என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் கேட்டது அதுதான் முதல் தடவை.

சிஸ்டர் கட்டிலின் காலருகே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அப்போ டிரைவருக்கு?" என்று கேட்டார். "நான் வெச்ச இடத்தாலயா?"

பொய் சொல்லிவிடுங்கள் மேடம் என்று சாம்பிளுக்கு இருந்தது. இன்ஸ்பெக்டரம்மா பொய் சொல்லவில்லை. ஆமாம் என்றார். தெரிந்து செய்யவில்லை என்பதை எழுதிக் கொடுப்பேன், ஆனால் ஆமாம் என்றார்.

"நல்ல இடம்னுதான் வெச்சேன்," என்றார் சிஸ்டர். "பிடிச்சவங்கன்னுதான் அங்க வெச்சேன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அழுகை வரவில்லை. அவர்மேல் கோபப்பட வேண்டும் என்று சாம்பிள் முயன்று பார்த்தான். அது முடியவில்லை. இவ்வளவு அன்பைப் பார்த்து இவ்வளவு பயந்தது அவனுக்கு அதுவே முதல் முறை.

அக்கா ஊசி கழற்றிய இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கினாள். சிஸ்டரின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"நாளைக்கும் நீங்கதான் எனக்கு ஊசி போடணும் சிஸ்டர். வேற யார் கையும் எனக்கு ஒத்துக்காது." பிறகு, அவர் தோளில் கை வைத்துச் சொன்னாள். "ஆனா ஒண்ணு. இனிமே என்னைக் கொஞ்சம் பிடிக்காதவங்க பட்டியல்ல வெச்சிடுங்க."

அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிஸ்டர் அவள் மடியில் முகத்தைப் புதைத்தார், அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. சாம்பிள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.